தெய்வம் நீங்கிய பீடம்

கடவுள் உண்டா இல்லையா என்னும் விவாதத்தில் ஒருவன் ஓர் இரவுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். ஆனால் அவனுடைய தகப்பனார் காலமாகிற அன்று, உடலை எடுப்பதற்கு முன் யார் என்ன சொல்வது, எத்தனை நாள் துக்கம் காப்பது, எந்த நாளில் மீண்டும் உலகத்தோடு கலந்துகொள்வது என்ற கேள்விகளுக்கு அந்த விவாதத்தில் விடை கிடைக்காது. சமயங்கள் தத்துவம் பேசியதோடு நின்றிருந்தால் அவற்றை மறுத்துவிட்டு மனிதன் நிம்மதியாக இருந்திருப்பான். அவையோ வாரத்துக்கு ஓர் ஒழுங்கையும், வருஷத்துக்குத் திருநாள்களையும், பிறப்புக்கும் விவாகத்துக்கும் மரணத்துக்கும் உரிய கிரியைகளையும், முன்பின் அறியாதவர்கள் ஒரே கூரையின்கீழ் அருகருகே அமர்வதற்கு ஒரு முகாந்தரத்தையும் கொடுத்துவந்தன. நம்பிக்கை போனபின்பும் அந்தத் தேவைகள் போவதில்லை. அவற்றை வேறு எதைக்கொண்டு நிறைவு செய்வது என்று மேற்கு நாடுகளில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் தேட்டத்தை, வழிதவறியவர்களின் விபரீத விளையாட்டு என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. அப்படித் தள்ளுவது நியாயமன்று என்பதே என் எண்ணம். மிகுந்த சிரத்தையோடு, பல சமயங்களில் மிகுந்த வேதனையோடு செய்யப்பட்ட முயற்சி அது.

அரசாங்கத்தின் ஆக்ஞையால் அது நடந்தது பிரெஞ்சுப் புரட்சியின்போது. 1793 நவம்பர் 10-ஆம் தேதி, பாரிஸ் நகரத்து நோத்ரதாம் பேராலயத்துக்குள் செயற்கையாக ஒரு குன்றை எழுப்பி, அதன்மேல் தத்துவ ஞானத்துக்கு ஒரு சிறு கோயிலை அமைத்து, ஒரு நாடகக் கலைஞரைச் சுதந்திர தேவியின் கோலத்தில் எழுந்தருளச் செய்து, பகுத்தறிவு விழாக் கொண்டாடினார்கள். அதில் நாஸ்திகத்தின் ஆரவாரத்தைக் கண்டு வெறுப்புற்ற புரட்சித் தலைவர் ரோபஸ்பியர், பரம்பொருள் ஒன்று உண்டு என்பதையும் ஆன்மா அழிவற்றது என்பதையும் பிரெஞ்சு மக்கள் ஏற்கிறார்கள் என்று அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஒரு தீர்மானத்தையே சட்டமாக்கி, ஜூன் 8-ஆம் தேதி, ஓவியர் டேவிட் வகுத்துக் கொடுத்த ஏற்பாட்டின்படி, நாஸ்திகத்தின் உருவத்தைத் தம் கையாலேயே கொளுத்திப் பரம்பொருள் விழாவை நடத்தினார். ஏழு வாரங்கள் சென்றபின் அவரே வெட்டுமேடையில் மாண்டார்; அவருடைய விழாவும் அவரோடு முடிந்தது.

விழாக்களைவிட ஆழமாகப் போன மாறுதல் ஒன்று உண்டு. கிறிஸ்தவத்தின் நினைவே எழாதபடி செய்ய வேண்டுமென்று ஏழு நாள் வாரத்தை எடுத்துவிட்டு, மாதத்தை மூன்று பத்து நாள்களாக வகுத்து, பத்தாம் நாளையே ஓய்வு நாளாக்கினார்கள். கணக்குக்கு அது எவ்வளவு சௌகரியமோ அவ்வளவு உழைப்பாளிக்குக் கஷ்டமாயிற்று. 1806 ஜனவரி முதல் தேதி நெப்போலியன் பழைய பஞ்சாங்கத்தை மீட்டுக் கொடுத்தார். இதே பாடத்தை 1929-இல் சோவியத் அரசாங்கம் மறுபடியும் படிக்க நேர்ந்தது. தொழிலாளரை ஐந்து பிரிவாக்கி, ஆளுக்கொரு நாள் ஓய்வு என்று அவர்கள் வகுத்தபோது, கணவனுக்கு ஓய்வான நாளில் மனைவி ஆலையில் இருந்தாள். தனித்தனியே கிடைத்த ஓய்வு எவருக்கும் ஓய்வாக இல்லை. 1940-இல் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. எல்லாரும் ஒருசேரக் கைவேலையை நிறுத்தும் நாள் என்பது எந்த வேதத்திலிருந்து பிறந்திருந்தாலும், பிறகு அது ஊர் முழுவதற்கும் சொந்தமாகிவிடுகிறது.

ஆயினும், தனி மனிதர் ஒருவர் தம் ஆயுளையே பணயம் வைத்துச் செய்த முயற்சியைப் பற்றித்தான் நான் அதிகமாகச் சொல்ல விரும்புகிறேன். ஆகஸ்ட் காம்ட் 1798-இல் தென்பிரான்ஸின் மோன்பெல்லியே நகரில், கத்தோலிக்கப் பற்றும் ராஜபக்தியும் நிறைந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். பதினான்கு வயதிலேயே அந்த நம்பிக்கையை விட்டுவிட்டதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கணிதம் கற்பித்து ஜீவனம் நடத்தினார். 1826-இல் சித்தம் கலங்கி, மறு ஆண்டு சேன் நதியில் குதித்து உயிர் விடவும் முயன்று, மீண்டு வந்து, 1830 முதல் 1842 வரை ஆறு பாகங்களில் தம் பிரத்தியட்ச ஞானத் தத்துவத்தை எழுதி முடித்தார். மனித அறிவு முதலில் தெய்வங்களாலும், பிறகு சூட்சுமமான தத்துவப் பொருள்களாலும், கடைசியில் கண்ணால் கண்டு சோதித்த விதிகளாலும் உலகத்தை விளக்கிக்கொள்கிறது என்பது அந்நூலின் உயிர்நிலையான கருத்து. சமூகத்தை ஆராயும் விஞ்ஞானத்துக்கு இன்று வழங்கும் ‘சோஷியாலஜி’ என்ற பெயரைப் பிரசித்தமாக்கியவரும் அவரே. இத்தகைய மனிதர் ஒரு மதத்தை ஸ்தாபிப்பார் என்று அப்போது யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1844-இல் அவர் க்ளோதில்த் தெ வோ என்ற பெண்மணியைச் சந்தித்தார். அவளுடைய கணவன் சூதாட்டக் கடனில் மூழ்கி ஊரைவிட்டே ஓடியிருந்தான். விவாகரத்துக்கு அந்நாளில் பிரான்ஸில் சட்டம் இடங்கொடுக்காததால், அவள் சுமங்கலியும் அல்லள், விதவையும் அல்லள் என்ற நிலையில் இருந்தாள். காம்டும் மனைவியைப் பிரிந்து வாழ்ந்தவர். அவர் காதலை வேண்டினார். அவள் நட்பைத் தந்தாள். 1846 ஏப்ரல் மாதத்தில், முப்பத்தோராம் வயதில், காச நோயால் அவள் இறந்துபோனாள். தம் வீட்டில் அவள் வந்து அமர்ந்த நாற்காலியையே பீடமாக்கி அதன் முன் நாள்தோறும் மண்டியிட்டார் காம்ட்; வாரந்தோறும் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இருந்த அவளுடைய சமாதிக்குச் சென்றுவந்தார். சொர்க்கத்தை அறிவினால் மறுத்துவிட்டவருக்கு, அவளை மறுபடி காண்போம் என்று தம்மைத் தேற்றிக்கொள்ளும் வழி அடைபட்டிருந்தது. அவளை அழியவிடவும் மனம் இடங்கொடுக்கவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே பிறந்ததுதான் அவருடைய மானுட மதம்.

அந்த மதத்தில் வணக்கத்துக்குரிய மகாசக்தி மானுடமே. இறந்தவர்கள், இருப்பவர்கள், இனிப் பிறக்கப்போகிறவர்கள் ஆகிய மூவகையினரிலும் உலக நன்மைக்குத் துணைநிற்பவர்கள் அனைவரும் சேர்ந்த ஒரே பேருருவம் அது. அவர்களுள் இறந்தவர்களே எண்ணிக்கையில் மிகுந்தவர்கள், நம்மை ஆள்பவர்களும் அவர்களே என்று காம்ட் கருதினார். கையில் குழந்தையோடு முப்பது வயதுப் பெண்ணொருத்தியாக அதன் திருவுருவம் அமைய வேண்டும் என்றும் வகுத்தார். க்ளோதில்தின் முகச்சாயலைச் சீடர்கள் பிற்காலத்தில் அந்த உருவத்துக்கு ஏற்றினார்கள். 1849-இல் அவர் வெளியிட்ட பஞ்சாங்கத்தில் மாதத்துக்கு இருபத்தெட்டு நாளாகப் பதின்மூன்று மாதங்கள். மோசேயில் தொடங்கி, ஹோமர், அரிஸ்டாட்டில், ஆர்க்கிமிடீஸ், தாந்தே, ஷேக்ஸ்பியர் முதலியோர் பெயர்கள் அம்மாதங்களுக்கு. முதல் மாதத்து வாரங்களில் புத்தருக்கும் கன்பூசியஸுக்கும் முகம்மது நபிக்கும் இடம் உண்டு. வருஷத்தின் மிச்ச நாள் ஒன்று மறைந்தோர் அனைவரையும் நினைப்பதற்காக ஒதுக்கப்பட்டது.

அவர் வகுத்த ஒன்பது சடங்குகளை நம் நாட்டார் படித்தால் வியப்படைவார்கள். பிறந்த குழந்தையைச் சமூகத்தின்முன் கொண்டுவந்து காட்டுவது, பதினான்கு வயதில் கல்விக்குரிய தீட்சை, இருபத்தொன்றில் மானுடத்தின் சேவைக்கு அனுமதி, இருபத்தெட்டில் தொழிலில் அமர்தல், அதன்பின் விவாகம், நாற்பத்திரண்டில் பக்குவம், அறுபத்து மூன்றில் பொறுப்பை வாரிசிடம் ஒப்படைத்து விலகுதல், எட்டாவதாக மரணம், அதற்கு அவர் இட்ட பெயர் உருமாற்றம். ஒன்பதாவது சடங்கு மரணத்துக்கு ஏழு ஆண்டுகளுக்குப்பின் நடப்பது. இறந்தவருடைய வாழ்வைச் சமூகம் சீர்தூக்கிப் பார்த்து, தகுதி உண்டென்று கண்டால் அவரை மானுடத்தோடு நிரந்தரமாக ஐக்கியப்படுத்துவது. ஷோடச சம்ஸ்காரங்களும் அறுபதாம் கல்யாணமும் வழங்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு, சம்ஸ்கிருதம் அறியாத ஒரு பிரெஞ்சுக் கணித ஆசிரியர் வாழ்வை இப்படிப் படிப்படியாகப் பகுத்துக்கொண்டார் என்பது, இந்த வேட்கை எந்த ஒரு தேசத்துக்கும் மட்டும் உரியதன்று என்பதைக் காட்டும்.

இவ்வளவும் சொன்னபின் அவருடைய குறையையும் சொல்லத்தான் வேண்டும். அவர் எதையும் பிறர் தீர்மானத்துக்கு விட்டுவைக்கவில்லை. நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் பிரார்த்தனை. துணையை இழந்தவர் மறுமணம் செய்யலாகாது. விஞ்ஞானம் அனைத்தையும் கற்ற குருமார்கள். அவர்களுக்கு மேல் ஒரு பிரதான குரு, அவர் காம்டே. 1860-க்குள் நோத்ரதாம் ஆலயத்திலேயே தம் மதத்தை உபதேசிக்கப் போவதாக அவர் நம்பியிருந்தார்; ஆனால் 1857-இலேயே காலமானார். முன்பு அவரைப் பெரிதும் மதித்துப் பொருளுதவிக்கும் ஏற்பாடு செய்த ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1865-இல் எழுதிய நூலில், மானுடத்தை மதமாகக் கொள்ளலாம் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டே, வாழ்வின் ஒவ்வோர் அசைவையும் விதியால் கட்ட முனைந்த காம்டின் போக்கை மறுத்தார். மில்லின் தீர்ப்பே சரியானது. பல தலைமுறைகளாகப் பாட்டிமாரும் பூசாரிகளும் பாணரும் கூட்டியும் குறைத்தும் ஆக்கிய ஒன்றை, ஒரு மேதை தம் மேஜையருகே அமர்ந்து பத்தாண்டில் எழுதிமுடிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. பிரார்த்தனை செய்கிறவன் தன் குரல் எங்கோ கேட்கப்படுகிறது என்று நம்புகிறான். மானுடம் பெரிதுதான், அருமையானதுதான். அதற்குச் செவி இல்லை. செவியற்ற ஒன்றின் முன் அன்றாடம் இரண்டு மணி நேரம் மண்டியிடச் சாதாரண மனிதனால் இயலாது; காம்டுக்கு இயன்றதற்குக் காரணம், அவர் மண்டியிட்டது க்ளோதில்தின் முன்.

ஆனாலும் அந்த விதை சில இடங்களில் முளைத்தது. லண்டனில் ரிச்சர்ட் காங்கிரீவும் பிரடெரிக் ஹாரிசனும் சங்கங்கள் நடத்தினார்கள். வங்காளத்தில் பங்கிம் சந்திரர் உள்ளிட்ட படித்தவர்கள் காம்டை ஊன்றிக் கற்றார்கள். எல்லாவற்றிலும் பிரேஸில் நாட்டில்தான் அது வேரூன்றியது. அங்கே மிகெல் லெமோஸ் 1881-இல் மானுட மதத்தின் திருச்சபையை ஏற்படுத்தினார். 1889 நவம்பரில் முடியாட்சி வீழ்ந்து குடியரசு தோன்றியபோது அதன் சூத்திரதாரிகளில் பலர் காம்டின் மாணவர்களாக இருந்தபடியால், புதிய கொடியில், காம்டின் உபதேசத்திலிருந்து எடுத்த ‘ஒழுங்கும் முன்னேற்றமும்’ என்ற பொருளுடைய சொற்கள் ஏறின. இன்றும் கால்பந்து மைதானங்களில் அசையும் அந்தக் கொடியில் ஒரு மதத்தின் சுலோகத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அன்பே மூலம் என்று காம்ட் முதலில் வைத்த சொல் மட்டும் கொடியில் இடம்பெறவில்லை.

அந்தத் திருச்சபையின் நற்பலன் ஒன்றை நான் சொல்லாமல் விட முடியாது. காந்திதோ ரொந்தோன் என்னும் ராணுவப் பொறியாளர் மானுட மதத்தில் உறுதியான பற்றுடையவர். அமேசான் காட்டினூடே தந்திக் கம்பிகளைக் கொண்டுசென்றபோது, பழங்குடி மக்கள் அம்பெய்தாலும் திருப்பிச் சுடலாகாது, உயிரைக் கொடுக்க நேர்ந்தாலும் கொடுக்க வேண்டும் என்று தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். 1910-இல் பழங்குடிகளின் பாதுகாப்புக்காக ஓர் அரசாங்க அமைப்பு அவர் தலைமையில் உருவாயிற்று. செவியற்ற தெய்வம் என்று சொன்னேன். அந்தத் தெய்வத்தின் பெயரால் துப்பாக்கியைத் தாழ்த்தியவர்கள் இருந்தார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ரியோ நகரத்து மானுடக் கோயிலின் கூரை 2009-இல் இடிந்து விழுந்தது. பாரிஸில், ரூ பயேன் தெருவில் பிரேஸில்காரர்கள் 1903-இல் வாங்கிக் கோயிலாக்கிய ஒரு சிறு வீட்டில், அந்தப் பதின்மூன்று மாதங்களுக்குரிய மகான்களின் உருவங்கள் இன்றும் இருக்கின்றன.

பீடத்தில் வைக்க வேறொன்றைத் தேடுகிறவர்களுக்குப் பெரிய அபாயம் ஒன்று உண்டு என்பதை இருபதாம் நூற்றாண்டு காட்டிவிட்டது. சமயத்தை ஒழிக்கப் புறப்பட்ட சோவியத் ஆட்சி, 1924-இல் லெனின் இறந்ததும் அவருடைய உடலைப் பதப்படுத்தி, மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, மக்களை வரிசையாக வந்து தரிசிக்கச் செய்தது. அவருடைய மனைவி குரூப்ஸ்காயா, நினைவுச் சின்னங்கள் எழுப்ப வேண்டாம், பள்ளிகளும் மருத்துவமனைகளும் கட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டது பலிக்கவில்லை. தெய்வம் இருந்த இடத்தில் மனிதன் ஏறினால், தெய்வத்தின் பெயரால் நடந்த கொடுமைகளைவிடக் குறைந்த கொடுமை நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதே பொதுவுடைமை முகாமில்தான் இதற்கு மாறான ஓர் அனுபவமும் கிடைக்கிறது. ஜெர்மனியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், திருச்சபையிலிருந்து விலகிய சுதந்திர சமயச் சங்கத்தார், கிறிஸ்தவப் பிள்ளைகள் பதினான்கு வயதில் பெறும் உறுதிப்பூசுதலுக்குப் பதிலாகத் தம் பிள்ளைகளுக்கு ஒரு சடங்கை ஏற்படுத்தி, அதற்கு ‘யூகென்ட்வைஹே’ என்று பெயரிட்டார்கள். இளமைக்குச் செய்யும் அர்ப்பணம் அது. 1954-இல் கிழக்கு ஜெர்மனி அரசாங்கம் அதைத் தன்வசமாக்கிக்கொண்டு, சோஷலிச ராஜ்யத்துக்கு விசுவாச உறுதி எடுக்கும் விழாவாக மாற்றியது; கலந்துகொள்ள மறுத்த பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் வாசல் அடைபடலாம் என்ற அச்சம் இருந்தது; திருச்சபைகள் எதிர்த்துப் பார்த்துத் தோற்றன. நிர்ப்பந்தத்தால் நிற்கும் சடங்கு அந்த நிர்ப்பந்தம் விலகிய அன்றே சாய்ந்துவிடும் என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள். 1990-இல் அந்த அரசாங்கமே மறைந்தது. சடங்கோ மறையவில்லை. முதலில் சற்றுக் குன்றி, பிறகு தழைத்து, இன்றும் ஜெர்மனியின் கிழக்குப் பகுதிகளில் வசந்த காலந்தோறும், புதுச்சட்டை அணிந்த பதினான்கு வயதுப் பிள்ளைகள் மேடையேறி, ஒரு மலர்க்கொத்தைப் பெற்றுக்கொண்டு இறங்க, பாட்டியும் தாத்தாவும் அத்தைமாரும் வீட்டில் விருந்துண்கிறார்கள்.

ராஜ்யத்தின் மீது செய்த பிரமாணம் உதிர்ந்துபோயிற்று. பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று குடும்பம் ஒன்றுகூடிச் சொல்லும் சந்தர்ப்பம் தங்கிவிட்டது. நார்வேயில் மனிதநேய இயக்கத்தார் 1951 முதல் நடத்திவரும் உறுதி விழாவுக்கும் இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வருகிறார்கள். ஸ்காட்லாந்தில் 2005 முதல் மனிதநேயர்கள் நடத்திவைக்கும் திருமணங்களுக்குச் சட்டத்தின் அங்கீகாரம் உண்டு. இவற்றில் பீடமும் இல்லை, பிரதான குருவும் இல்லை. காம்டின் ஒன்பது சடங்குகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய பிரார்த்தனைகளை விட்டுவிட்டவை என்று இவற்றைச் சொன்னால் தவறாகாது. 2013 ஜனவரியில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் லண்டனில் வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயத்தில் தொடங்கிய ஞாயிறு சபையோ, பாட்டும் சொற்பொழிவும் தேநீருமாகச் சில ஆண்டுகளில் பல நாடுகளுக்குப் பரவி, பிறகு பரவிய வேகத்திலேயே மெலிந்தது. வாரந்தோறும் வரவேண்டும் என்ற கடமை உணர்ச்சி இல்லாத இடத்தில், மகிழ்ச்சி ஒன்றே வாரந்தோறும் ஆள் சேர்க்கப் போதவில்லை.

எமில் டர்கைம் என்ற பிரெஞ்சு அறிஞர், சமய வாழ்வின் ஆதி வடிவங்களை ஆராய்ந்து 1912-இல் எழுதிய நூலில், மனிதர் கூடும்போது தம்மினும் பெரிதாக உணரும் சக்தி உண்மையில் அவர்களுடைய சமூகமே என்று வாதித்தார். பக்தர்கள் இதை ஒப்பமாட்டார்கள். ஒப்ப வேண்டியதும் இல்லை. ஆயினும் எந்த மாற்று நிலைத்தது, எந்த மாற்று அழிந்தது என்று பார்க்கும்போது அவர் கூற்றில் ஓர் உண்மை தெரிகிறது. வணக்கத்துக்குப் புதிய பொருளைத் தேடியவர்கள் தோற்றார்கள். பிறப்பு, வயது, மணம், சாவு ஆகிய வாசல்களில் தடுமாறி நிற்கும் மனிதனுக்குப் பக்கத்தில் நாலுபேர் நிற்க ஏற்பாடு செய்தவர்கள், முழுவதும் அல்லாவிட்டாலும், வென்றார்கள்.

தமிழர்களுக்கு இது முற்றிலும் அயலான செய்தி அன்று. லண்டனில் சார்லஸ் பிராட்லா நடத்திய மதச்சார்பற்றோர் இயக்கத்தின் எதிரொலியாக, 1880-களிலேயே சென்னையில் ‘தத்துவவிவேசினி’ என்ற பத்திரிகை சிந்தனை விடுதலையைப் பேசியது. அதற்கு நாற்பதாண்டுகளுக்குப்பின் எழுந்த சுயமரியாதை இயக்கம், மறுப்பதோடு நில்லாமல், புரோகிதர் இல்லாத திருமணத்தை ஆக்கிக் கொடுத்தது. மாலை மாற்றி, பெரியவர்கள் வாழ்த்துரை சொல்லி, ஊரறிய நடக்கும் அந்தத் திருமணத்துக்கு 1967-இல் அண்ணாதுரையின் அமைச்சரவை சட்டத்தின் பாதுகாப்பைத் தந்தது. அது இன்று நம் சமூகத்தில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. மரணத்துக்கும் அவ்வியக்கத்தார் ஒன்று கண்டார்கள். கருமாதிக்குப் பதிலாகப் படத்திறப்பு. இறந்தவருடைய படத்தின் திரையை ஒருவர் விலக்க, அவரோடு பழகியவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து அவரைப் பற்றிப் பேசுவார்கள். காம்ட் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு செய்ய நினைத்ததை இவர்கள் பதினாறு நாளுக்குள் செய்கிறார்கள் என்று சொல்லலாம்.

ஆயினும் அந்தக் கூட்டம் நடப்பதற்கு முன்னால், முதல் இரவிலும் மயானத்திலும் செய்வதற்கு நம்பிக்கையற்ற குடும்பங்களில் தெளிவான வழக்கம் இன்னும் படியவில்லை. மறைந்தவர் ஒரு கொள்கையில் வாழ்ந்திருப்பார். அவருடைய சகோதரிகள் வேறொன்றை வேண்டுவார்கள். பாடையின் அருகே வாக்குவாதம் மூளும். அழவேண்டியவர்கள் அழக்கூட இயலாமல் நிற்பார்கள். சமயத்தில் பற்றுடையவர்களுக்கு முன்னோர் வகுத்த வழி இருக்கிறது. அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அதை விட்டு வந்தவர்களைத்தான் நான் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் இறுதிக் காரியம் எப்படி நடக்க வேண்டும், யார் பேச வேண்டும், உங்களிடமிருந்து மாறுபட்ட நம்பிக்கை கொண்ட உறவினர்க்கு அதில் என்ன இடம் என்பதை, உடல் நலமாக இருக்கும்போதே வீட்டாரோடு அமர்ந்து பேசி எழுதிவையுங்கள். அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லிவையுங்கள்.